பச்சைப் பட்டையா, காய்ந்த பட்டையா?

"இது பச்சையா, காய்ந்ததா?" என்று கேட்டார் முன்சீப்.

என் கையில் ஒரு சாண் நீளத்துக்கு ஆவாரம்பட்டை. நான் நின்றது திருப்பத்தூர் முன்சீப் கோர்ட்டின் சாட்சிக் கூண்டில். எதிர்ச் சுவரோரம், மஞ்சள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தனக்கோட்டி நின்றாள். அவளை என் பெண்டாட்டி என்று சொல்லலாமா கூடாதா என்பதுதான் அன்றைக்கு வழக்கே.

கீழே நாற்காலியில் என் வக்கீல் கண்ணாலேயே கெஞ்சினார். ஏழுமலை, யோசித்துச் சொல் என்பது அந்தப் பார்வைக்கு அர்த்தம். யோசிக்க என்ன இருக்கிறது? பட்டை என் விரலில் பட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அதைச் சொன்னால் என் கேஸ் போய்விடும். சொல்லாவிட்டால் என் மானம் போய்விடும்.

கூண்டில் நான் கொஞ்ச நேரம் நிற்கட்டும். அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வாரம் சுண்ணாம்புக் குழியில் தலைகுப்புற விழுந்த கதையை எழுதினேன். அதைப் படித்துவிட்டு, "இதைவிடப் பெரிய குழியில் எப்போதாவது விழுந்தீர்களா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். குசும்பு பிடித்த மனிதர். விழுந்தேன் ஐயா. இதோ கேட்டுக்கொள்ளுங்கள்.

வாசலில் நின்றவன்

பாலாற்றங்கரையில், ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே ஒரு டேனரியில் எனக்கு வேலை. தோலை ஊறப்போடுகிறவர்கள், மயிர் சுரண்டுகிறவர்கள், பட்டைத் தண்ணீரில் புரட்டுகிறவர்கள் எல்லாரும் உள்ளே. நான் வாசலில். தோல் பதனிடுவதற்கு மலைப்பக்கத்திலிருந்து வண்டி வண்டியாக ஆவாரம்பட்டை வரும். அதைப் பார்த்து, நல்லது என்றால் உள்ளே விடவேண்டும், ஆகாது என்றால் திருப்பி அனுப்பவேண்டும். பட்டை பார்க்கிற ஏழுமலை என்றால் ஆலங்காயம் வரைக்கும் தெரியும்.

சின்ன வேலை என்று நினைத்துவிடாதீர்கள். பச்சைப் பட்டையை வாங்கி அடுக்கினால் பத்து நாளில் பூஞ்சணம் பிடிக்கும். அதை இடித்துத் தொட்டியில் போட்டால் தோலில் திட்டுத் திட்டாகக் கறை விழும். அப்புறம் முதலாளி பாய் கையைத் தலையில் வைத்துக்கொண்டு உட்காரவேண்டியதுதான்.

பட்டையை எப்படிப் பார்ப்பது? கட்டின் நடுவில் கையை விட்டு ஒன்றை உருவவேண்டும். மேலே இருப்பதைப் பார்த்தால் ஏமாந்தோம். உருவியதை இரண்டு கையாலும் பிடித்து மடக்கவேண்டும். காய்ந்தது என்றால் சடக்கென்று முறியும். பச்சை என்றால் வளையும், நார் நாராகப் பிரியும், முறியவே முறியாது. நாலைந்து வருஷம் போனதும் எனக்கு முறிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. விரலில் பட்டால் போதும். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

இந்தப் பட்டையால்தான் எனக்குக் கல்யாணமும் நடந்தது. ஆலங்காயத்து மாணிக்கம் மாதம் இரண்டு முறை வண்டி கொண்டுவருவான். அவன் பட்டையில் நான் ஒரு குறையும் கண்டதில்லை. "யாருய்யா இவ்ளோ பதமா காயவெக்கிறது?" என்று ஒருநாள் கேட்டேன். "எந்தங்கச்சிதான். பாறை மேல பரப்பி, ஒரு நாளைக்கு நாலு தரம் திருப்பிப் போடுவா" என்றான். அடுத்த தை மாதம் தனக்கோட்டி என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

சந்தோஷமாகத்தான் இருந்தோம். அவள் சிரித்தால் நாலு வீடு தள்ளிக் கேட்கும். எங்கள் அம்மாவுக்கே அது பிடித்துப்போய், "இன்னாடி சொன்னான் அவன், எனக்கும் சொல்லு" என்று அடுப்படியிலிருந்து எழுந்து வருவாள்.

ஒரு வண்டிப் பட்டை

இரண்டாம் வருஷம் ஐப்பசியில் மாணிக்கம் ஒரு வண்டி கொண்டுவந்தான். வழியில் தூறல் பிடித்துக்கொண்டதாம். நான் நடுக்கட்டில் கையை விட்டேன். சில்லென்றது. உருவி மடக்கினேன். வளைந்தது.

மச்சான் வண்டி. சுற்றிலும் வேறு நாலு வண்டிக்காரர்கள். ஏழுமலை தன் மச்சானுக்கு என்ன செய்கிறான் பார்ப்போம் என்று எல்லாரும் கழுத்தை நீட்டினார்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தப் பட்டையை அவன் காலடியில் வீசிவிட்டு, "பச்சை. ஓட்டிக்கினு போ" என்றேன்.

அவன் மாட்டைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போய்விட்டான். சரியாகத்தான் நடந்தேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். சேதி எனக்கு முன்னால் போயிருந்தது.

"எங்கண்ணனை இன்னா சொன்ன?" என்றாள் தனக்கோட்டி.

"பச்சையைப் பச்சைன்னுதான் சொன்னேன். மச்சான்னா பட்டை காஞ்சுடுமா?"

"அவ்ளோதானா?"

"வேற இன்னா? மாலை போட்டு அனுப்பணுமா?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மறுநாள் காலையில் ஆலங்காயத்துக்குப் போகிற வண்டி ஒன்றில் ஏறிப் போய்விட்டாள். பட்டையில் என் பேரில் தப்பே இல்லை, கோபம் ஆறினால் வந்துவிடுவாள் என்று இருந்தேன். கார்த்திகை போயிற்று, தை போயிற்று, சித்திரையும் போயிற்று. அம்மாவை அனுப்பினேன். மாமாவை அனுப்பினேன். இரண்டு பேரும் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள்.

துரும்புக்கு வந்த பஞ்சம்

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லவேண்டும். புருஷன் பெண்டாட்டி பிரிவதற்கு அப்போது ஆளுக்கு ஒரு வழி இருந்தது. கிறிஸ்தவத் தெருவில் பாதிரியார் இரண்டு பேரையும் உட்காரவைத்து ஜெபம் பண்ணி அனுப்புவார். அதிலும் தீராவிட்டால் வேலூர் ஜில்லா கோர்ட், தனிச் சட்டம். பாய்மார்களுக்கு காஜி. பெரிய ஜாதிக்காரர்கள் சிலருக்கு எந்த வழியும் இல்லை, சாகிறவரைக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரே வீட்டில் இருக்கவேண்டியதுதான்.

எங்கள் ஜனங்களுக்குத் துரும்பு. பஞ்சாயத்தில் நாட்டாமை ஒரு வைக்கோல் துரும்பை எடுத்துப் புருஷன் கையில் கொடுப்பார். அவன் அதை இரண்டாக முறித்துக் கீழே போட்டால் தீர்ந்தது. அவள் யாரோ, அவன் யாரோ. இரண்டு பேருமே வேறு கல்யாணம் கட்டலாம். ஒருத்தரும் குறை சொல்ல முடியாது.

அவள் போய் ஒரு வருஷம் ஆகும்போது மாணிக்கம் பஞ்சாயத்துக் கூட்டினான். எங்கள் நாட்டாமை அதே டேனரியில் தொட்டி மேஸ்திரி. எங்களுக்கு வாரத்தில் வெள்ளிக்கிழமைதான் லீவு. ஆகவே ஒரு வெள்ளிக்கிழமை, டேனரிக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் எல்லாரும் உட்கார்ந்தோம்.

"ஏழுமலை, கூட்டிக்கிறியா, தீர்த்து வுடறியா?" என்றார் நாட்டாமை.

கூட்டிக்கிறேன் என்று சொல்லத்தான் ஐயா போனேன். சத்தியம். ஆனால் தனக்கோட்டி என் பக்கம் திரும்பவே இல்லை. வேப்பமரத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு எங்கிருந்தோ ஒரு வீறாப்பு. "தீர்த்தே வுடறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாயை என்ன செய்வது?

நாட்டாமை துரும்புக்காகச் சுற்றுமுற்றும் பார்த்தார். டேனரியில் வைக்கோலுக்கு எங்கே போவது? மயிர்க் குவியல் இருந்தது, சுண்ணாம்பு இருந்தது, பின்கட்டுக் கிடங்கில் கூரை முட்ட ஆவாரம்பட்டை இருந்தது. எழுந்து போய் ஒரு பட்டையை உருவிக்கொண்டு வந்தார். "இன்னா பெரிய துரும்பு, இதுவும் செடியில வெளஞ்சதுதானே" என்று என் கையில் கொடுத்தார்.

நான் மடக்கினேன். சடக்.

அந்த நிமிஷம் என் மனசில் என்ன ஓடியது என்று உங்களுக்குச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. 'நல்லா காஞ்ச பட்டை' என்று ஓடியது. அதற்கப்புறம்தான் தனக்கோட்டி போய்விட்டாள் என்பது உறைத்தது.

தோஸ்த்தின் யோசனை

ஆறு மாதம் பைத்தியம் பிடித்தவன் மாதிரி இருந்தேன். சோறு இறங்கவில்லை. வீடு சத்தமில்லாமல் கிடந்தது. ஆலங்காயத்தில் யாரோ அவளைப் பெண் கேட்கிறார்கள் என்று வண்டிக்காரன் ஒருவன் சொன்னதும் அன்றைக்கு வந்த பட்டை அத்தனையையும் பச்சை என்று திருப்பி அனுப்பிவிட்டேன். எல்லாம் எலும்பு மாதிரி காய்ந்த பட்டை.

என் தோஸ்த் ரஹீம்தான் என்னைப் பிடித்து உட்காரவைத்தான். தோலை எண்ணி அடுக்குகிற வேலை அவனுக்கு. "இன்னாத்துக்கு இவ்ளோ பேஜார் பட்றே? நீ துரும்பா முறிச்சே? பட்டைதானே முறிச்சே! அது செல்லாது. கோர்ட்டுல போடு. போலீஸ் கையைப் புட்சு கொண்டாந்து வூட்ல வுட்ருவாங்க" என்றான்.

எனக்கும் அது ரொம்ப நியாயமாகப் பட்டது. திருப்பத்தூரில் ஒரு வக்கீலைப் பிடித்தேன். முழுக்கதையையும் கேட்ட அவர் முகம் மலர்ந்துபோயிற்று. "இரண்டு வாதம் இருக்கிறது ஏழுமலை. ஒன்று, வழக்கப்படி முறிக்கவேண்டியது துரும்பு, பட்டை இல்லை. இரண்டு, அந்தப் பட்டையே பச்சை. வளைந்ததே தவிர முறியவில்லை, நார் அறுபடவில்லை. பந்தம் அப்படியே இருக்கிறது."

"அது பச்சை இல்லீங்களே."

"கோர்ட்டில் பச்சை" என்றார் வக்கீல்.

பிராது போயிற்று. ஆலங்காயத்துக்குச் சம்மன் போயிற்று. பிரதிவாதி தனக்கோட்டி, வாதியாகிய என்னோடு வந்து சேர்ந்து வாழவேண்டும் என்று கோர்ட் உத்தரவிடவேண்டும். பிராதில் கேட்டிருந்தது அதுதான். நாலு வாய்தா தள்ளிப் போயிற்று. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவள் அண்ணனோடு வந்து கோர்ட் மரத்தடியில் கட்டுச்சோறு பிரித்துச் சாப்பிட்டாள். நான் எதிர் மரத்தடியில் கடலையைக் கொறித்துக்கொண்டு அதைப் பார்த்தேன். ஐந்தாவது தடவை கேஸைக் கூப்பிட்டார்கள்.

நாட்டாமையின் சாட்சியம்

முன்சீப் தெற்குச் சீமைக்காரர். மெல்லிய உடம்பு, மெதுவான குரல். பேசும்போதெல்லாம் ஒரு பென்சிலைச் சீவிக்கொண்டே இருப்பார். தனக்கோட்டி வக்கீல் வைக்கவில்லை. "எனக்கு வாய் இருக்குது சாமி" என்று சொல்லிவிட்டாள். அதனால் அவள் சார்பில் கேட்கவேண்டியதையெல்லாம் முன்சீப்பே தமிழில் கேட்டார்.

அவள் பக்கத்துச் சாட்சி நாட்டாமை. பஞ்சாயத்தில் முறிந்தது இந்த மாதிரிப் பட்டைதான் என்று காட்ட, அதே கிடங்கிலிருந்து ஒரு பிடி பட்டையை மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். என் வக்கீல் பாய்ந்தார். "உங்கள் வழக்கத்தில் முறிப்பது துரும்பா, பட்டையா?"

"துரும்புதாங்க. கெடைக்கலன்னா இன்னா பண்றது? பஞ்சாயத்தை நிறுத்திட்டு நெல்லு நடவு பண்ண முடியுமா?"

பெஞ்ச் கிளார்க் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையைக் குனிந்தார்.

"இதற்கு முன்னால் துரும்பு தவிர வேறு எதையாவது முறித்ததுண்டா?" என்றார் முன்சீப்.

"உண்டு சாமி. வேப்பங்குச்சி முறிச்சிருக்காங்க. வெளக்கமாத்துக் குச்சி முறிச்சிருக்காங்க. எங்கப்பா காலத்துல ஒருத்தன் மொளகாக் காம்பைக் கிள்ளிப் போட்டுட்டு அடுத்த மாசமே வேற கல்யாணம் பண்ணான். அஞ்சு புள்ளைங்க."

முன்சீப் பென்சிலை வைத்துவிட்டு அதையெல்லாம் எழுதிக்கொண்டார். "அப்படியானால் பொருள் எதுவாக இருந்தாலும் முறியவேண்டும். அதுதானே வழக்கம்?"

"முறியணும் சாமி. அதான் சேதி."

வக்கீலின் முதல் வாதம் அங்கே செத்தது. மிச்சம் இருந்தது ஒன்றுதான். அன்றைக்கு முறிந்ததா, முறியவில்லையா? அதற்காகத்தான் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். சொல்லிக்கொடுத்தபடியே நான் சொன்னேன். பச்சைப் பட்டை சாமி, வளைஞ்சுது, நார் அறுபடல. சொல்லும்போது தனக்கோட்டி இருந்த பக்கம் திரும்பவில்லை.

முன்சீப் நாட்டாமையின் மடியிலிருந்து ஒரு பட்டையை வாங்கி என்னிடம் கொடுக்கச் சொன்னார். பச்சையா, காய்ந்ததா என்று கேட்டார்.

கூண்டில்

"காஞ்சது சாமி" என்றேன்.

"முறித்துப் பார்க்காமலே எப்படித் தெரியும்?"

"பத்து வருஷமா பட்டை பார்க்கிறேன் சாமி. அதான் என் வேலையே. வாசல்ல நின்னு பார்த்து, பச்சைன்னா திருப்பி அனுப்பறது."

"ஓகோ. எத்தனையோ வண்டி வருமே. நீ ஒரு மனுஷன். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பச்சை உள்ளே போய்விடாதா?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு உச்சந்தலை வரைக்கும் சுரீர் என்று ஏறிவிட்டது. என் வேலையையா சந்தேகப்படுகிறார்?

"போவாது சாமி! என் கண்ணுல மண்ணைத் தூவிட்டு ஒரு பச்சைப் பட்டை உள்ள போய்டுமா? எங்க கெடங்கைத் தலைகீழாப் பொரட்டுங்க. ஒரே ஒரு பச்சைப் பட்டை இருந்தா இந்தக் கையை வெட்டிக்கிறேன். சொந்த மச்சான் வண்டியையே திருப்பி அனுப்பினவன் சாமி நான்!"

என் வக்கீல் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். ஏன் என்று எனக்கு அப்போதுகூடப் புரியவில்லை.

"நல்லது" என்றார் முன்சீப். "பஞ்சாயத்தில் நாட்டாமை உன் கையில் கொடுத்த பட்டை எங்கேயிருந்து எடுத்தது?"

"எங்க கெடங்குலேர்ந்து..."

வாய் அப்படியே நின்றுவிட்டது. அப்புறம் ஒரு சிரிப்பு. நாலு வீடு தள்ளிக் கேட்கிற அந்தச் சிரிப்பு! தனக்கோட்டி முந்தானையை வாயில் வைத்து அடைத்துப் பார்த்தாள், முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாட்டாமை சிரித்தார். பெஞ்ச் கிளார்க் சிரித்தார். டவாலிச் சேவகன் "சைலன்ஸ்" என்று கத்த வாயைத் திறந்துவிட்டு அவனும் சிரித்தான்.

இரண்டு வருஷமாக அந்தச் சிரிப்பைக் கேட்காமல் கிடந்தவன் நான். கேஸாவது ஒன்றாவது! நானும் சிரித்துவிட்டேன்.

"உண்மையைச் சொல். அன்றைக்கு முறிந்ததா?" என்றார் முன்சீப். சிரிப்பை அடக்கியதில் அவர் குரலும் கொஞ்சம் நடுங்கியது.

"முறிஞ்சுது சாமி. சடக்குன்னு முறிஞ்சுது. பொய் சொல்லிட்டேன், மன்னிச்சுக்கணும்."

"பிறகு ஏனப்பா கேஸ் போட்டாய்?"

"அவ வேணும் சாமி." கோர்ட் என்பதெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. "அவ இல்லாம வூடு வூடா இல்ல."

முன்சீப் மறுபடியும் பென்சிலை எடுத்துக்கொண்டார். "கோர்ட் உத்தரவு போட்டால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியுமா?"

"போலீஸ் வந்து கையைப் புட்சு கொண்டாந்து வுடுவாங்க சாமி."

"யார் சொன்னது?"

"தோஸ்த் சொன்னான்."

"அப்படியெல்லாம் இல்லை. வா என்று காகிதத்தில் எழுதத்தான் என்னால் முடியும். வராவிட்டால் அவள் சொத்தை ஜப்தி செய்யலாம். அம்மா, உனக்குச் சொத்து என்ன இருக்கிறது?"

"ஒரு வெள்ளாடு இருக்குது சாமி" என்றாள் தனக்கோட்டி.

"ஏழுமலை, ஆடு வேண்டுமா உனக்கு?"

மறுபடி ஒரே சிரிப்பு. வேண்டாம் என்று தலையாட்டினேன்.

முன்சீப் அவள் பக்கம் திரும்பினார். "நீ ஏனம்மா போனாய்? அண்ணன் பட்டையைத் திருப்பி அனுப்பியதற்காகவா?"

அவள் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. "இல்ல சாமி. பச்சைன்னா பச்சைதான். நனைஞ்ச பட்டையை எடுக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? நான் பட்டை காயவெக்கிறவ. தூறல்ல நனைஞ்சுக்கினு பத்து மைல் வண்டி ஓட்டியாந்த மனுஷன் சாமி எங்கண்ணன். வூடு கூப்புடு தூரத்துல இருக்குது. ஒரு வாய் சோறு துன்னுட்டுப் போ மச்சான்னு இந்த ஆள் சொல்லல. மூஞ்சியில அடிச்சாப்புல பட்டையை வீசிட்டு நின்னுது. அவ்ளோதானான்னு நான் கேட்டேன். அப்பவும் இதுக்குப் புரியல."

மாணிக்கம் கோர்ட் வாசலில் நின்று தன் கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு வருஷம் ராத்திரி பகலாக நான் சண்டை போட்டது பட்டையைப் பற்றி. அவள் கோபம் சோற்றைப் பற்றி. எனக்கு அழுகை வந்தது. அழுதேன். எதற்கு மறைக்கவேண்டும்?

"சரி" என்றார் முன்சீப். "இவளைக் கூப்பிட யார் போனார்கள்?"

"எங்கம்மா போனாங்க சாமி. எங்க மாமா போனாரு."

"அப்புறம்?"

"வக்கீல் நோட்டீஸ் போச்சு. சம்மன் போச்சு."

"நீ?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. எழுத ஆரம்பித்துவிட்டார்.

தீர்ப்பு அன்றைக்கே சொல்லிவிட்டார். வழக்கப்படி பந்தம் முறிந்தது, பிரதிவாதிமேல் வாதிக்கு எந்த உரிமையும் இல்லை, வழக்கு தள்ளுபடி. தனக்கோட்டி கைகூப்பிவிட்டு அண்ணனோடு வண்டியில் ஏறிப் போனாள். என் வக்கீல் என்னோடு பேசவில்லை. வெளியே வந்ததும் நாட்டாமை மட்டும் என் முதுகைத் தட்டி, "கேஸ் தோத்தாலும் கெடங்கு மானத்தைக் காப்பாத்திட்டடா" என்றார்.

வெள்ளிக்கிழமை

அடுத்த வெள்ளிக்கிழமை விடிந்ததும் குளித்தேன். யாரிடமும் சொல்லாமல் ஆலங்காயம் ரோட்டில் நடந்தேன். வண்டி வந்தது, ஏறிக்கொள் என்றார்கள், ஏறவில்லை. பத்து மைலையும் நடந்துதான் போகவேண்டும் என்று எனக்கு ஒரு எண்ணம். வழியெல்லாம் ஆவாரம் பூத்துக் கிடந்தது. மஞ்சள் மஞ்சளாக, கண்ணுக்கு அவ்வளவு சந்தோஷம்.

மாணிக்கம் வீட்டு வாசலில் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். நேராகப் போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "தப்பு பண்ணிட்டேன் மச்சான். சோறு துன்ன வாங்கன்னு கூப்புடாம வுட்டுட்டேன்."

அவன், "பட்டை பச்சைதான் மச்சான்" என்றான். இரண்டு பேரும் சிரித்தோம். அவன் பாறைப் பக்கம் கையைக் காட்டினான்.

தனக்கோட்டி பாறை மேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"யார் அனுப்பினா?"

"யாரும் அனுப்பல. நானேதான் வந்தேன்."

"எதுக்கு?"

"உன்னைக் கூப்பிட."

"காதுல விழல."

"உன்னைக் கூப்பிட வந்தேன்!"

"எங்கண்ணி வூட்டுக்குள்ள இருக்குது. அதுக்கும் கேக்கணும்."

நான் கத்தினேன் ஐயா. வெட்கம் மானம் எல்லாவற்றையும் அந்தப் பாறையடியில் இறக்கிவைத்துவிட்டு, அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "தனக்கோட்டி! வூட்டுக்கு வா!" ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பொம்பிளைகள் எழுந்து நின்று பார்த்தார்கள். அண்ணிக்காரி கரண்டியும் கையுமாக வெளியே ஓடிவந்தாள். மாணிக்கம் கத்தியைக் கீழே போட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

தனக்கோட்டி சிரிக்கவில்லை. கையில் இருந்த பட்டையை வைத்துவிட்டு எழுந்து, பாறையிலிருந்து இறங்கி, என் எதிரில் வந்து நின்றாள்.

"கோர்ட்டுல இன்னா சொன்னாங்க? நான் உனக்கு யாரு?"

"யாரும் இல்ல."

"உன் வூட்டுக்கு நான் வரணும்னு எதனா சட்டம் இருக்குதா?"

"இல்ல."

"நாட்டாமை சொன்னாரா?"

"இல்ல."

"சரி" என்றாள். முந்தானையால் என் முகத்து வேர்வையைத் துடைத்தாள். "நீ கூப்ட்ட. அதுக்காகத்தான் வர்றேன். வேற எதுக்கும் இல்ல."